லார்னாக்கா – கட்டுநாயக்கா, ஏழு மணித்தியாலம்

மார்கழி 9, செவ்வாய்
விடியவே மழை. கோழிக்கு அரிசி போட்டுவிட்டு பஸ். ஆஸ்பத்திரியில் பாக்கியம் நேற்றையைவிட மோசம். நாற்பத்தியாறு வருசம் என்னோடு சண்டை பிடித்த வாய், இப்போது ரெண்டு சொல்லுக்கு மேல் மூச்சு இல்லை. டொக்டர் வெளியில் கூப்பிட்டுச் சொன்னார், "பிள்ளையளை வரச் சொல்லுங்க ஐயா."

ஒரே பிள்ளை. சைப்பிரசில் வீட்டு வேலை, ஆறு வருசம். கோல் எடுத்தேன். அழுதாள். வாறாளாம்.

போனுக்குக் காசு போடும் ரீலோட் கடைக்காரரிடம் தூரம் கேட்டேன். போனில் தட்டினார். அங்கத்தைய எயார்போட் லார்னாக்கா – இங்கத்தைய எயார்போட் கட்டுநாயக்கா 5,600 கி.மீ. பறக்க 7 மணித்தியாலம். துண்டில் எழுதி வாங்கி வந்து பாக்கியத்திடம் சொன்னேன்.

"புள்ள, கொழும்புக்கு பஸ்ஸில எட்டு மணித்தியாலம். உன்ட மகள் கொழும்பைவிடக் கிட்டக்கதான் இரிக்காள்."

சிரித்தாள். இருமல் பிடித்துவிட்டது. நர்ஸ் மிஸ்ஸி வந்து ஏச்சு: "ஐயா, அவவச் சிரிக்க வைக்காம இரிங்க."

10, புதன்
மழை விட்டு விட்டு. சேவல் ஒன்றைக் காணோம்.

மகள் கோல். "டிக்கட் கிடைச்சிட்டு அப்பா. நம்மட நேரம் ராத்திரி பத்துக்கு ஏறுறன். கேளுங்க, இடையில—"

"எல்லாம் எனக்குத் தெரியும். ஏழு மணித்தியாலம். நீ போய் உடுப்பை அடுக்கு." போனை வைத்துவிட்டேன்.

பத்தோடு ஏழு, விடிய அஞ்சு. எயார்போட்டில் இருந்து, பேசிவிட்ட வான் வண்டியில் ஏழு மணித்தியாலம். நாளைப் பகல் பன்னிரண்டுக்கு மகள் கட்டிலடியில். பாக்கியத்துக்கும் சொல்லியாயிற்று.

பின்னேரம் டொக்டர்: மூச்சு முட்டுக்கு ஊசி இருக்காம். போட்டால் கஷ்டம் தெரியாது, நித்திரைதான். பிறகு முழிப்பு வராமலும் போகலாம். பாக்கியம் கையை ஆட்டினாள்.

"மகள்... வரட்டும்."

"நாளைக்குப் பன்னிரண்டு மணி மட்டும்தானே டொக்டர், பொறுப்பம்" என்றேன். நான்தான் சொன்னேன்.

11, வியாழன்
எட்டு மணிக்கு வான்காரன் கோல், கட்டுநாயக்காவிலிருந்து.

"ஐயா, சைப்பிரசில இரிந்து நேர வாற பிளேனே இல்லயாம். இடையில அரபு நாட்டில இறங்கி, பதினொரு மணித்தியாலம் குந்தி இரிந்து வேற பிளேன் ஏறணுமாம். பின்னேரம்தான் இங்க வந்து இறங்குவா."

துண்டு சட்டைப் பையில். வரைபடத்தில் நேர்கோடு கீறிய கணக்கு அது. அந்தக் கோட்டில் பிளேன் ஓடுதில்லை.

பாக்கியத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் உயிரை விட்டுவிடுவாளோ என்று பயம்.

ஒன்பது. பாக்கியம் கேட்டாள், "மகள்... எங்க?"
"குருணாகல்."

பிறகு, வான் வரும் பாதையில் ஊர் ஊராய்ச் சொன்னேன்: தம்புள்ளை. பொலன்னறுவை. நெஞ்செலும்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மிஸ்ஸி ஊசியோடு ரெண்டு தரம் வந்தா. ரெண்டு தரமும் பாக்கியம் வேண்டாம் என்று தலையாட்டினாள். தலைமுடியை இழுத்துக் கட்டச் சொன்னாள், மகள் பார்ப்பாளாம். கட்டினேன். கோணல்.

பன்னிரண்டு. வெலிக்கந்தை என்றேன்.

ஒன்றரை. "எங்க?"
"வாழைச்சேனை தாண்டிட்டாள்."
"மழையா... அங்க?"
"மழைதான். மெல்லமா வரட்டும்."

ரெண்டேகால். கண் வாசல் பக்கம். மூடிவிட்டேன்.

12, வெள்ளி
மழை இல்லை. வெயில். மகள் வந்துவிட்டாள். சவப்பெட்டியடியை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அண்டைக்குக் கோல்ல சொல்லத்தான் பார்த்தன் அப்பா, இடையில நிக்கணும் எண்டு. நீங்க போனை வச்சிட்டீங்க."

"ஓம்."

"அம்மா கஷ்டப்பட்டாவா?"

"இல்ல மகள். நித்திரையிலதான் போனா. நினைவே இல்ல."



"அப்ப, என்ன ஒருக்காவும் கேக்கல்லயா?"

"இல்ல."

எழும்பிக் கிணத்தடிக்குப் போனாள். இன்னும் வரவில்லை.