மடியில் கிடந்த பிளக்

இன்று சாயங்காலம் கூடத்தில் சூடான தூசி வாசம் எழுந்தது. உடனே உன் நினைவுதான். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தைத் தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி மூலையில் விளக்கு போய்க் கிடந்த புரொஜெக்டரை, எல்.இ.டி. பொருத்தி அறிவியல் கண்காட்சியில் வைப்பேன் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். தன் கையாலேயே செய்ய வேண்டுமாம். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல் நானே செய்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கல்லூரியில் நாம் இருவரும் இதே வேலையைச் செய்தோமே. நீ கரிவலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாய். சத்தம் போடுகிறது என்று நான் உள்ளிருந்த ஃபேனைக் கழற்றி வைத்தேன். சற்று நேரத்தில் கருகல் வாசம். நான் வராண்டாவுக்கு ஓடிவிட்டேன். நீதான் பிளக்கைப் பிடுங்கினாய்.

“ஓடுதவ பிளக்கப் புடுங்கிட்டு ஓடக் கூடாதாட்டி?”

அன்றிலிருந்து மூடியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றி என் மடியில் போடுவாய். “இங்கன கெடக்கட்டும். மடியில கெடக்குத பிளக் எப்படிட்டி ஷாக்கடிக்கும்?” பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்காமல் எனக்கும் ஒரு வேலை கொடுத்தாய்.

பழைய விளக்கின் மின்பலகையை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கழற்றி, விளக்கு இருப்பதாகப் புரொஜெக்டரை நம்பவைக்கும் கம்பிகளையும் இணைத்துத் தந்தார். மற்றதெல்லாம் மகள்தான். இன்று ஸ்விட்சைப் போட்டதும் அந்த வாசம். நான் கத்துவதற்குள் பிளக்கைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

“யம்மா, பழைய தூசிதான். ஃபேன் சுத்துச்சுல்லா? நீ இதப் பிடிச்சுக்கோ.”

அதை நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மிக்ஸி துடைக்கும்போதும் இஸ்திரிப் பெட்டி துடைக்கும்போதும் நான் பிளக்கை மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

தூசியைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்தேன்.

மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் சுவர் நிறைய ஒரு செம்பருத்திப் படம், மகரந்தம் வரை தெரிந்தது. ஓரம் மட்டும் மங்கல். “நாளைக்குத் தொறந்து பாப்போம்மா” என்றாள்.

திறக்கட்டும். பிளக் என் மடியில் இருக்கும்.