மேடையில் வந்த வாசம்

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணே. அன்றைக்கு அந்த வாசம் உங்களுக்கும் வந்தது.

இறந்தவரிடம் இப்படிப் பேசக்கூடாது என்பார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன், இன்று மத்தியானம் வரை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்துக்குக் கையைக் குவித்தபோது எரிவாயு வாசம் வந்தது. லேசாகத்தான். எழுந்து சொன்னேன். சமையல்கட்டிலிருந்த அக்கா உடனே அடுப்பை அணைத்து, கேஸ் சிலிண்டர் தோம்பின் வாயைத் திருகி மூடினார்.

"எல்லாரும் வெளிய போங்க. சோறு எங்கயும் ஓடிப் போவாது."

எச்சில் கையோடு எல்லாரும் நடைபாதையில் நின்றோம். "எனக்கு ஒண்ணும் வரலையே லா" என்று முனகினார் ஓர் அங்கிள். "உங்க மூக்க யாரு கேட்டா? இந்தத் தம்பிக்கு வந்துச்சு, போதும்" என்றார் அக்கா.

போதும். அந்த ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் நான் இன்று வேறு ஆளாக இருந்திருப்பேன்.

கிள்ளானில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். நீங்கள் எங்களுக்குக் கீழ் மாடி. குத்தகை நிறுவனத்தின் பெயிண்டிங் கும்பலுக்கு நீங்கள் ஃபோர்மன். வேலையில்லாமல் திரிந்த என்னைத் திரங்கானு கடலில் நிற்கும் எண்ணெய் மேடைக்கு அழைத்துப் போனது நீங்கள்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துருவைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். முதல் நாள் மேடை உச்சியில் எரிகிற நெருப்பைக் காட்டினீர்கள். "பாத்தியா? இதுலதான்டா கேஎல் ஓடுது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அத்தனைக்கும் காசு இங்கேருந்துதான் மேல வருது." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பீப்பாய் என்ன விலை என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். விலை இறங்கினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது குத்தகை ஆட்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லவில்லை.

அன்றே ஒரு சிவப்பு அட்டையையும் என் சட்டைப்பையில் வைத்தீர்கள். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் அதைக் காட்டி வேலையை நிறுத்தலாம். "பெயிண்டர் காட்டுனாலும் பெரிய போஸே வேலைய நிறுத்தணும். ஒருத்தனும் உன்னக் கேள்வி கேக்க முடியாது." அழுகிய முட்டை போல வாசம் வரும் விஷவாயுவைப் பற்றியும் சொன்னீர்கள். சட்டையில் மாட்டிய கருவி கத்துவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த வாயு அதிகமானால் மூக்கே செத்துப்போய் வாசம் தெரியாது. "அதனால மொத வாசத்துலயே அட்டைய எடு. நான் பக்கத்துல இருக்கேன்."

எடுத்தேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். நாம் இருவரும் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய குழாய்க்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்தோம். வாசம் குப்பென்று வந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

பொறுப்பாளர் கருவியோடு வருவதற்குள் காற்று திசை மாறிவிட்டது. கருவி ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு ஆளும் சொன்னால் எண்ணெய்க் கிணற்றை மூடிச் சோதிக்க வேண்டும். மூடினால் எண்ணெய் வராது. அவர் உங்களைப் பார்த்து, வாசம் இருந்ததா என்று மலாயில் கேட்டார்.

"தாக் ஆடா, போஸ்."

இல்லை என்று அவ்வளவு எளிதாகச் சொன்னீர்கள். மறுநாள் படகிலேயே என்னைக் கரைக்கு அனுப்பினார்கள். படகில் ஏறும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்தீர்கள். "விடுடா தம்பி. எண்ணெய் போய்க்கிட்டே இருக்கணும். நிறுத்த நாம யாரு?"

உங்களுக்காக நானே ஒரு சாக்குத் தேடினேன். உங்கள் மூக்கு அதற்குள் செத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஓடுவதற்கு முன் உங்களைத் திரும்பிப் பார்த்தேனே. காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் வராத இடத்தில் எவனும் மூக்கை மூடமாட்டான்.

அதன்பிறகு எந்தக் குத்தகைக்காரரைக் கூப்பிட்டாலும் ஒரே கேள்விதான். "பொய் சொல்லி வேலைய நிறுத்துனவன் நீதானே?" இப்போது கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். தேநீர்க் கடையில் பழைய கும்பல் என்னைப் பார்த்தால், "டேய் மூக்கா, இந்த டீயில ஏதாச்சும் வாசம் வருதா?" என்று கேட்டுச் சிரிக்கிறது. நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

நீங்கள் நோயில் படுத்தபோது மருத்துவமனைக்கும் வந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். "அண்ணே, அன்னிக்கு வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன். நீங்கள் அண்ணியைப் பார்த்தீர்கள். "பேச வைக்காத தம்பி, மூச்சு வாங்குது" என்றார் அவர். உங்களுக்கு வசதியாகப் போயிற்று. உங்கள் சாவு வீட்டில், எத்தனை பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். எல்லாம் உண்மை. நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன்.

அந்த அட்டை இன்னும் என் பணப்பையில் இருக்கிறது. தூக்கிப் போட முடியவில்லை. அந்தக் குழாய்க்கு அடியில் இப்போது வேறு யாரோ சுரண்டுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு வாசம் வரும். கை சட்டைப்பைக்குப் போகும். என் கதை ஞாபகம் வந்து அந்தக் கை நிற்கும். நின்ற நேரத்தில் மூக்கு செத்துவிடும்.

எனக்காக வேண்டாம், அவனுக்காகச் சொல்லுங்கள். வந்தது என்று ஒரு வார்த்தை.

சொல்லுங்கள், அண்ணே.