சிவப்பு மையில் எழுதாத கிழமை

கரன்ட் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. மலையடிவாரத்தில் பலா ஒன்றுகூடச் சரியாகப் பிடிக்காத வருஷம். கரும்பை விட்டுப் பாதிப் பேர் மல்லாட்டைக் கடலைக்கு மாறினார்கள். வெளிநாட்டில் பெரிய பெரிய பேங்குகள் கவிழ்ந்து, துபாயில் பாதி கட்டின கட்டடத்தின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்றதும் அப்போதுதான். வருஷத்தை எண்ணாகச் சொல்லத் தெரியாது எனக்கு. உனக்குச் சொல்லவும் வேண்டாம்.

இன்று காலை மகளின் போனில் மணி அடித்தது. என்னவென்று கேட்டேன். "ஏரோப்ளேன் டிக்கெட்டு பாதி விலையாம் நைனா, இன்னிக்கி மட்டுமாம்" என்று சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள். உன்னைப் புதைத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் உன் ப்ளேன் டிக்கெட் கடை. ரெண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து சின்னசேலம் வரைக்கும் வெளிநாடு போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படியில் நின்று போனவர்கள்தான். டிக்கெட்டைக் கொடுக்கும்முன் அதன் உறையைத் திருப்பிப் போட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கிழமையையும் நேரத்தையும் பெரிசாக எழுதுவாய். எழுதினால் போதாது என்று அந்த ஆளை மூன்று தடவை சொல்லவும் வைப்பாய்.

ஒருநாள் நான் கேட்டேன், ப்ளேன் போகும் கிழமையை எழுதினால் ஆகாதா என்று.

"ப்ளேன் எப்போ போவுதுன்னு உனக்கு எதுக்குடா? நமக்குக் கோழி கூவினாத்தான் மறுநாளு. அவனுக்கு ராத்திரி பன்னண்டு அடிச்சா மறுநாளு. நடுவுல கீற நாலஞ்சி மணி நேரத்துலதான் நம்மாளுங்க ப்ளேன உட்டுட்டு நிக்கிறானுங்க."

எனக்கு இது தெரியும். அன்றைக்கே தெரியும். எழுத்து தெரியாதவன் எதையும் மறப்பதில்லை. எழுதிவைத்து மறக்க அவனுக்கு வழியில்லை.

அந்த வருஷம் என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அழைத்துப்போங்கள், பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். பார்க்க வேண்டியவன் துபாயில் இருந்தான். பையனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கம்பெனியை மூடப்போவதாகப் பேச்சு. நான் உன் கடைக்கு வந்தேன்.

நீ கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாய். படியில் யாரும் இல்லை.

"இன்னாடா, தங்கச்சி எப்பிடிகீது?"

"ஓடிக்கினு கீது. பையன வரவழைக்கணும்."

நீ தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னாய். நான் கூரையைப் பார்த்தேன். முதல்நாள் மகள், தான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து வேறு விலை சொல்லியிருந்தாள். ரெண்டு மூட்டை மல்லாட்டை விலை கம்மி. ஏறுவதற்கு ஆளில்லாமல் ப்ளேன்காரர்கள் விலையை அடித்துப் போட்டு, நேராக ஜனங்களுக்கே விற்றுக்கொண்டிருந்த சமயம் அது.

"கமிஷனையும் நிறுத்திட்டானுங்கடா. நான் கம்மியா போடணும்னா என் கைகாச வெச்சித்தான் போடணும். போடறேன், உனக்குப் போடாம?" என்றாய்.

அதற்கு நான் சொன்ன பொய்யைச் சொல்கிறேன், மகள் எழுதட்டும். "கம்பெனியிலயே டிக்கெட்டு போட்டுத் தரானாம்" என்றேன்.

மூடப்போகிற கம்பெனி டிக்கெட் போட்டுத் தராது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் நீ என் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த பேப்பரை அடுக்கினாய்.

"சரிடா. எந்தக் கிழம ரூம உட்டுக் கிளம்பணும்னு மட்டும் என்னை ஒரு வார்த்த கேட்டுக்க."

கேட்டிருக்கலாம். ஒரு போன். கேட்டால் டிக்கெட்டை யார் போட்டது என்று நீ கேட்பாயோ என்று வெட்கம். மகள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே டிக்கெட்டைப் போட்டு, பேப்பரைக் கொண்டுவந்து, "சனிக்கெழம ராத்திரி பன்னண்டே முக்காலுக்கு, நைனா" என்றாள். சனிக்கிழமை ராத்திரி என்றால் நம் வீட்டில் சனிக்கிழமை சாப்பிட்டுப் படுத்த பிறகு வரும் ராத்திரிதான். நீ சொன்னது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. வந்தும், படித்த பெண், அவளுக்குத் தெரியாததா என்று பையனுக்கு அப்படியே சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ரூமை விட்டுக் கிளம்பி, சனிக்கிழமை காலையில் சென்னையில் இறங்க வேண்டியவன், சனிக்கிழமை பகல் முழுக்கத் துபாயில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இங்கே அவன் அம்மா ரெண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "வந்துட்டானா?" என்றாள். "நாளைக்கு வரான்" என்றேன். வாசல் பக்கமாகப் படுக்கையைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கும்முன் போய்விட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பையனின் போன். ப்ளேன் வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்விட்டதாம். சல்லிசு விலை டிக்கெட், செல்லாதாம், பணமும் வராதாம். வேறு வாங்க அவனிடம் ஒன்றுமில்லை. அழுதுகொண்டே, "அம்மாகிட்ட குடு நைனா" என்றான்.

நீ பத்து மணிக்கே வந்துவிட்டாய். மாலையை வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்று யார் யாருக்கோ போன் போட்டு, திங்கள் ராத்திரி ப்ளேனில் அவனுக்கு ஒரு இடம் பிடித்தாய். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ரூமை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவனைப் போனில் மூன்று தடவை சொல்ல வைத்தாய். ஆனால் ஐஸ் பெட்டி கரன்ட் வந்தால் ஓடியது, போனால் நின்றது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குமேல் வைத்திருக்க முடியவில்லை.

எடுக்கப் போகும் நேரத்தில்தான் என் வீட்டுக்காரியின் அண்ணன் கேட்டான். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"பெத்த புள்ள மண்ணு போட வராம பண்ணிட்டானே. டிக்கெட்ட போட்டவன் எவன்டா?"

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். ப்ளேன் டிக்கெட் என்றால் நீதானே. நீ என்னைப் பார்த்தாய். நான் பெட்டிமேல் இருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ கதவோரம் நின்ற என் மகளைப் பார்த்தாய். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"என் தப்புதாண்ணே. கெழம பாக்காம உட்டுட்டேன்" என்றாய்.

அவன் உன் சட்டையைப் பிடித்தான். பாக்கெட் கிழிந்து சிவப்புப் பேனா கீழே விழுந்தது. நீயே குனிந்து எடுத்துக்கொண்டாய். நான் விலக்கிவிடக்கூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பையன் வந்து ஈர மண்ணைப் பார்த்தான். யார் டிக்கெட் போட்டது என்று ஊரே அவனுக்குச் சொன்னது. நான் மறுக்கவில்லை. இன்றுவரை உன் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். உன் சாவுக்கும் வரவில்லை. "அவன்கிட்ட டிக்கெட்டு போட்டா பொணத்தக்கூட பாக்க முடியாது" என்பது பஸ்ஸில் பேசும் பேச்சானது. கம்ப்யூட்டர் உன் வியாபாரத்தைப் பாதி தின்றது. மீதியை நான் தின்றேன். ஒரு வருஷத்தில் அந்த மாடிப்படிக்கு அடியில் செருப்புக் கடை வந்தது.

நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், என் பிழைப்பு கொஞ்சம் லேசாகியிருக்கும். அதையும் நீ கொடுக்கவில்லை; அந்த மட்டில் உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போவேன். மகள் கல்யாணத்துக்குக் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் முடிந்ததும் எழுந்து போனாய். சாப்பிட வா என்று பின்னால் ஓடி வந்து கூப்பிட எனக்குக் கால் இருந்தது. கூப்பிடவில்லை.

உன் சாவு வீட்டிலும் அதையே பேசினார்கள். "நல்ல மனுசன், அந்த ஒரு தப்பு மட்டும் பண்ணாம இருந்திருந்தா" என்று ஒருத்தர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆட்டினேன்.

அந்த டிக்கெட் பேப்பர் என்னிடம் இருக்கிறது, என் வீட்டுக்காரியின் பைபிளுக்குள். படிக்கத் தெரியாது. ஆனால் கிழமை எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். சிவப்பு மையில் எதுவும் எழுதாத பின்பக்கத்தைத்தான் ஜாஸ்தி தடவியிருக்கிறேன்.

இந்த மடலைப் பையனுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும்போதே. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நீ போய்விட்டாய். நான் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டேன். அப்புறம் உயிரோடு இருக்கப்போவது ஒருத்தி. பேனாவை வைத்துவிட்டு அழுகிறாள். அழுது முடிக்கட்டும். டிக்கெட் போட்டது இவள், வாய் திறக்காதது நான். எடும்மா பேனாவை. உன் பேரை நீயே எழுது.

எஸ்தர்.