என் பேர் வைத்த குட்டி

பங்குனி, புதன்கிழமை

இன்று வகுப்பில் ‘லேம்’ என்ற ஆங்கிலச் சொல். செம்மறிக் குட்டி, அதன் கறி, சாதுவான ஆள் என்று மூன்று பொருளுக்கும் வாக்கியம் எழுதச் சொன்னேன். இசக்கி மட்டும் கறிக்கு எழுதவில்லை.

“எங்க குட்டிய நாங்க திங்கமாட்டோம் டீச்சர்.”

பரீட்சைக்கு வரும் என்று அதட்டினேன். கண் கலங்கிவிட்டாள்.

எருவுக்காக எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பது அவள் அப்பாதான். சாயங்காலம் அங்கே போனேன். “ஏட்டி மங்களம், பைய வா” என்று அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தூக்கிவாரிப் போட்டது. குட்டிகளை அடைத்திருந்த கூடையை அவர் தூக்க, அடியிலிருந்து ஒரு குட்டி ஓடிவந்தது.

“ஒங்க வயல்ல பொறந்துச்சுல்லா, ஒங்க பேரையே வச்சிட்டா எம்மவ.”

இசக்கி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

வீட்டில் இவர் கறிக்குழம்பு வைத்திருந்தார். எனக்கு ரசம் போதும் என்றுவிட்டேன்.