இடது தட்டு, வலது தட்டு

தம்பி,

ரெண்டு பேர் சாப்பாடும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். ஷெட் சாவி ஆணியில இருக்கு.

அப்பா காரோட ரெண்டு கார்புரேட்டரையும் பிரிச்சு, இடது பக்கத்தோடதை ஒரு தட்டுலயும் வலது பக்கத்தோடதை இன்னொரு தட்டுலயும் வெச்சிருந்தேன். நீ உதவி பண்றேன்னு எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டுக் கழுவி வெச்சிருக்கே. பெட்ரோலை அடைக்கிற ஊசி மாறிப் போச்சுன்னா சரியா உட்காராது. சூடான குழாய் மேல பெட்ரோல் ஒழுகும், தீப்பிடிக்கும். எந்த ஊசி எதோடதுன்னு எனக்கே இன்னும் பிடிபடல.

என்ன அவசரம்னு இப்பத்தான் புரியுது. சாயங்காலம் காரை வாங்க ஆள் வர்றாராமே. இதை எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? எனக்கும் அவர் அப்பாதான்டா.

வர்றவருக்குக் காபி குடு, மரியாதையா பேசி அனுப்பு. மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டலாம்னு மட்டும் இறங்காதே.

அக்கா

பி.கு. சொன்னா நீ கேக்க மாட்டேன்னு தெரியும். வலது கார்புரேட்டர் என் சாப்பாட்டுப் பையில ஆபீஸுக்கு வருது. டப்பா வைக்க இடமில்ல. என் பங்கையும் நீயே சாப்பிடு.