இடது தோள் முடிச்சு

அன்பும் மரியாதையும் நிறைந்த ரக்கியா அக்காவுக்கு,

மராக்கேஷிலிருந்து பத்தூலின் ஸலாம். முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம். ஓவியக் கூடத்தில் தையல் வேலைக்குக் குறைவில்லை.

சிரிக்காதே, போன மாதம் என்னைப் படம் எடுத்தார்கள். ஓவியர் இத்ரீஸ் ஒரு வெள்ளை ஹாயிக் போர்வை முழுவதும் சோடா கம்பெனியின் சிவப்புச் சின்னத்தை அச்சடித்து, "போர்த்திக்கிட்டு நில்லுங்க லல்லா பத்தூல், கண்ணு மட்டும்தான் தெரியும்" என்றார். உதவிப் பெண் அதைக் கோணலாகப் போர்த்திவிட்டாள். கான்வென்ட் சிஸ்டர்களிடம் தையல் படித்த கை சும்மா இருக்குமா? அவிழ்த்து, அம்மா நம் இருவருக்கு மட்டும் பழக்கிய இடது தோள் முடிச்சைப் போட்டுக்கொண்டேன்.

நேற்று இத்ரீஸின் கண்காட்சிக்கு வந்த நம் ஊர் எஸ்ஸவீரா மீன்காரன் படத்தின் முன் நின்று கத்தினான்: "டேய், இது நம்ம ரக்கியாக் கிழவி கட்டுற கட்டுடா! சோடா விக்கிற வயசா இது? வெக்கங்கெட்டவ!" போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டான். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீயோ போனை எடுக்கவில்லை. வெளியே போகாதே அக்கா. ரொட்டி மாவைத் தெரு அடுப்புக்காரரிடம் பக்கத்து வீட்டு ஹலீமா கொண்டுபோகட்டும். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. என் கம்பளிக் காலுறையை எடுத்து வை, இங்கே குளிர் தாங்கவில்லை.

இன்றைய பஸ்ஸில் இடமில்லை. டிரைவர் அவசரப்படுத்துகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நாளை பஸ்ஸில் வந்து இறங்கி, அதே முடிச்சோடு மீன் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தே வருவேன். படத்தில் இருப்பது யார் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை
பத்தூல்