லவ்டே என்று ஒரு பேர்

1901, தை மாதம், சனி இரவு

இன்று என் மகளுக்குப் பேர் வைத்தோம். லவ்டே. இந்தத் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டலில் வீட்டுக்கு ஒரு தங்கம்மா இருக்கிறாள். இந்தப் பேர்தான் யார் வாயிலும் நுழையவில்லை.

குழந்தை கால் முன்னே வந்து நான் தவித்தபோது, நான் வேலை செய்யும் பங்களாவின் துரைசானி ஓடி வந்து எங்கள் இருவரையும் காப்பாற்றினார். இது அவருடைய அம்மாவின் பேர். அவர்கள் ஊரிலேயே இப்போது யாரோ ஒரு சிலர்தான் வைக்கிறார்களாம்.

காலையிலிருந்து எனக்கு அண்ணன் வருவாரா என்ற கவலைதான். என் கல்யாணத்தில் வந்த சண்டையை இங்கே எழுத மாட்டேன். "உன் வூட்டுல இனி கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆனாலும் தாய்மாமன் மடியில் வைத்துத்தானே பேர் கூப்பிட வேண்டும்?

ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் சுரங்கப் புழுதியோடு வந்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னா பேரு இது? அர்த்தம் இன்னா?"

"சண்டை போட்டவங்க ஒண்ணா உக்காந்து ராசியாவறதுக்கு, அந்தக் காலத்துல அவங்க ஊர்ல ஒரு நாள் குறிப்பாங்களாம்ணா. அன்னிக்குப் பொறந்த பொண்ணுக்கு இந்தப் பேராம்."

அவர் குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை கூப்பிட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். உடனே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"கை கழுவத் தண்ணி குடு. பசிக்குது" என்றார்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். செம்பிலிருந்து நான் ஊற்றிய தண்ணீரில் பாதி அவர் காலில்தான் விழுந்தது.